பச்சைக் கல்

அப்பாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் என் தம்பியுடையது.

எங்கள் வீட்டில் நான் பெருசு, அவன் சிறுசு. அப்பா வைத்த பெயர்கள். ஊர் உலகத்தில் பெருசு என்றால் பல் விழுந்த கிழவன் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பட்டம் ஐந்து வயதிலேயே கிடைத்துவிட்டது, தம்பி பிறந்த மறுநாள். "பெருசு, துண்டை எடு. பெருசு, தொட்டிலை ஆட்டு." அன்றிலிருந்து எடுத்துக்கொண்டும் ஆட்டிக்கொண்டும்தான் இருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தார். "சிறுசு" என்றார். நான் சந்தோஷத்தில் கத்தி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் போனிலேயே அழுதான். இனி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று நினைத்தோம். எதுவும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா, சிறுசு. மூத்திரக் குடுவை வேண்டுமா, சிறுசு. கால் மரத்துவிட்டதா, சிறுசு. நான் புரட்டிப் படுக்க வைத்தால் என் முகத்தைப் பார்த்து, நன்றியோ என்னவோ, சிறுசு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி சொன்னார். "மனசு கஷ்டப்படாதீங்க. அவர் யாரையும் கூப்பிடல. கதவு இடுக்குல துணி மாட்டிக்கிற மாதிரி அந்த ஒரு வார்த்தை மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள். மூளையில் எந்த இடம் செத்தால் என்ன போகும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு அவருக்கு வாய் துடைப்பவள் நான்தானே. அவர் போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெருசு என்று அந்த வாயிலிருந்து வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு எதையும் நான் அவரிடம் கேட்கவில்லை.

தம்பி மெத்தை கம்பெனியில் விற்பனை அதிகாரி. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வருவான். வந்தால் வீடே சிரிக்கும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்படி வந்த ஒரு ஞாயிறு, அவனும் டெம்போக்காரரும் சேர்ந்து நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"என்னடா இது, சவப்பெட்டி மாதிரி?"

"அக்கா, வாயைக் கழுவு. கடல் மீன் தொட்டி. அப்பா முப்பது வருஷம் கடலுக்குள்ள இருந்தவரு. இப்ப பாரு, சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. கடலையே கொண்டுவந்து அவர் பக்கத்துல வைக்கப்போறேன்."

உண்மைதான். அப்பா துறைமுகத்தில் முங்குகிற வேலை பார்த்தவர். நிற்கிற கப்பலுக்கு அடியில் போய், ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது. எங்கள் சின்ன வயதில் அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே உப்பு வாடை அடிக்கும்.

"மூத்திரக் குடுவை எனக்கு, கடல் உனக்கு. நல்ல பங்குடா" என்றேன்.

அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். என்னுடைய கோபத்தை எல்லாம் அவன் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்தவன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வெல்டர். தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்ட் அவர்தான் அடித்தார். தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் முந்நூற்றைம்பது கிலோ வரும் என்று தம்பி சொன்னதும் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தாங்கும். நம்ம வீட்ல எதையும் தாங்குறது ரெண்டு. ஒண்ணு இந்தத் தரை. இன்னொண்ணு உங்க அக்கா."

அப்பாவுக்கு வலது பக்கம் பார்வையும் குறைவு. அதனால் கட்டிலுக்கு இடது பக்கம், கை நீட்டினால் கண்ணாடி தொடுகிற தூரத்தில் தொட்டியை வைத்தோம். வெயில் நேராக விழாத சுவர். இரண்டு டிரம்மில் சுத்தத் தண்ணீர் பிடித்து, கடலுப்புத் தூளைக் கொட்டி, மரத் துடுப்பால் கலக்கினோம். கலக்கினோம் என்ன கலக்கினோம், நான்தான் கலக்கினேன். அவன் மிதவையைப் போட்டு உப்பு அளவு பார்த்து, "இன்னும் கொஞ்சம்க்கா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் முழுக்க உப்பு கரைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. தொட்டியில் ஊற்றி, சூடேற்றுகிற குச்சியையும் அலை அடிக்கிற மோட்டாரையும் மாட்டினோம்.

மூன்றாம் நாள் கல் வந்தது.

கொண்டுவந்தவர் கடைக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தெர்மோகோல் பெட்டிகளைத் திறந்தார். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய கற்கள். ஒவ்வொன்றும் ஓட்டை ஓட்டையாக, மேலெல்லாம் ஊதாவும் சிவப்பும் பழுப்புமாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் அறையை அடைத்தது.

"இது உயிருள்ள கல்லும்மா" என்றார் கடைக்காரர். "கடல்ல கெடந்தது. உள்ளுக்குள்ள ஆயிரம் ஜீவன் இருக்கும். இதுல ரெண்டு தினுசு. பழகின கல்லுன்னா நாங்களே தொட்டியில போட்டு ஒண்ணரை மாசம் வச்சிருந்து குடுப்போம். இது பச்சைக் கல்லு. நேரா வந்தது. தம்பி பொறுக்க மாட்டேன்னுட்டாரு."

"பழகின கல்லு வர ஒரு மாசமாகுமாம்க்கா. அப்பா எத்தனை நாள் காத்திருப்பாரு?"

"காத்திருக்கத்தான் வேணும் தம்பி. இதுல மேல ஒட்டியிருக்கிறது பாதி செத்து அழுகும். அழுகினா தண்ணியில அம்மோனியா ஏறும், விஷம். அப்புறம் கல்லுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க பெருகி அந்த விஷத்தத் தின்னு தீர்க்கும். அதுவரைக்கும் மீனை மறந்துடுங்க. ஆறு வாரம்." சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "தெனம் டெஸ்ட் பண்ணுங்க. தண்ணியில இந்தச் சொட்டு மருந்து விட்டு அஞ்சு நிமிஷம் வைங்க. பச்சை வந்தா விஷம் இருக்கு. மஞ்சள் வந்தா இல்ல. மஞ்சளைப் பாக்காம மீன் போடாதீங்க."

தம்பி பெட்டியை என்னிடம் தள்ளினான். "எனக்குப் பச்சையும் ஒண்ணுதான், மஞ்சளும் ஒண்ணுதான். அக்காதான் என் கண்ணு."

அவனுக்கு நிறக்குருடு. பச்சையும் மஞ்சளும் பழுப்பும் அவனுக்கு ஏறத்தாழ ஒரே அழுக்கு. இரண்டாம் வகுப்பில் மரத்துக்குப் பழுப்பில் இலை வரைந்து, வகுப்பே சிரித்து, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். அன்று சாயங்காலம் நான் அவனுடைய கிரேயான் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் சுற்றி, ஒட்டி, பெயர் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் சட்டை எடுப்பதிலிருந்து கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் புடவை எடுப்பது வரைக்கும், "என்ன கலர்க்கா?" என்பான், நான் சொல்வேன். எத்தனையோ முறை அவன்மேல் எரிச்சலில் வெந்திருக்கிறேன். ஒரு முறைகூட நிறத்தை மாற்றிச் சொன்னதில்லை.

கல்லைத் தொட்டியில் வைப்பதற்கு முன் செத்ததை எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டுமாம். தம்பி இரண்டு கல் தேய்த்தான். போன் வந்தது, வெளியே போனான். நான் வாளியை அப்பா கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். அப்போது அப்பாவின் இடது கை நீண்டது.

"சிறுசு" என்றார். கல்லைக் காட்டினார்.

அவர் மடியில் பிளாஸ்டிக் விரித்து ஒரு கல்லை வைத்தேன். கட்டைவிரல் நகத்தை ஒரு மாதிரி சாய்த்து, ஒட்டியிருந்த செத்த கடற்பஞ்சுக்குக் கீழே விட்டு, ஒரே இழுப்பில் எடுத்தார். கீழிருந்த ஊதாப் படலத்தில் ஒரு கீறல் இல்லை. இரண்டு வருடமாக அந்தக் கையில் பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், தூக்கித் தரையில் போடுவார். அந்தக் கைதானா இது! நான் ஒவ்வொரு கல்லாகக் கொடுக்க, அவர் சுரண்டிக் கொடுக்க, நான் அலச, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஓர் ஓட்டையில் என் பிரஷ் போகாமல் திணறியபோது, என் கையைத் தட்டிவிட்டு, பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து எப்படி என்று காட்டினார். என்னை அதட்டுகிற பழைய அப்பாவின் முகம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதோ, இப்போது சொல்வார், இந்த நிமிடம் பெருசு என்று சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியே இருப்பா!" என்று வாசலில் இருந்து தம்பி கத்தினான். போட்டோ எடுத்தான்.

அப்பா நிமிர்ந்தார். பாதி வாய் மலர்ந்தது. "சிறுசு."

அந்தப் போட்டோ சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனது. அப்பா, கல், பின்னால் தொட்டி. ஓரத்தில் என் முழங்கை. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உடனே போன் செய்தாள். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையப் பெத்துக்கணும். எங்க அண்ணன் கையையே ஆட வச்சுட்டானே!" ஸ்பீக்கரில் போட்டிருந்தான். நான் அழுக்கு வாளியைக் கொட்டப் போனேன்.

கற்களைத் தொட்டிக்குள் அடுக்கி, இடுக்கில் மணல் போட்டு, விளக்கு மாட்டியாயிற்று. தம்பி ஊருக்குப் போனான். அப்புறம் எல்லாம் என் தலையில். ஆவியாகிப் போன தண்ணீருக்கு நல்ல தண்ணீர் விடுவது, கண்ணாடி துடைப்பது, வாரத்துக்கு ஒரு டிரம் உப்புத் தண்ணீர் கலக்கி வைப்பது. தினம் காலையில் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், தொட்டிக்கு அம்மோனியா பார்ப்பேன். இரண்டு மருந்திலும் எட்டு எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம். டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, நிற அட்டையோடு சேர்த்துப் பிடிப்பேன். அப்பாவும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். நான் அவருக்குக் காட்டுவேன். "பச்சைப்பா. இன்னும் பச்சை." நான்காம் நாள் கரும்பச்சை. பத்தாம் நாளும் பச்சை.

மீன் இல்லையே தவிர தொட்டி சும்மா இருக்கவில்லை. ஒரு கல்லின் பொந்திலிருந்து நூல் மாதிரிக் கைகள் வெளியே வந்து துழாவின. இன்னொன்றில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நண்டு. அப்பாதான் முதலில் கண்டுபிடிப்பார். கண்ணாடியில் விரலை வைத்து "சிறுசு" என்பார். பார்த்தால் அங்கே ஏதாவது இருக்கும். ஆக, புழுவுக்கும் அதே பெயர், நண்டுக்கும் அதே பெயர். அவருக்கு அந்த வார்த்தை சரியாகத்தான் பொருந்தியது என்று நினைத்துச் சிரித்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தம்பி வந்தான். அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் காற்று அடைத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஒன்று என் கட்டைவிரல் நீளம். மற்றது அதில் பாதி.

"ஆறு வாரம்னு சொன்னாரேடா அந்த மனுஷன்?"

"அது பொதுவாச் சொல்றதுக்கா. எனக்கு ஊர் மாத்திட்டாங்க. நாளைக்குக் காலையில ரயில். ஆறு மாசம் வர முடியாது. அப்பா மீனைப் பாக்கறத நான் பாக்க வேணாமா? மஞ்சள் வந்தா போடலாம்னு அவரே சொன்னாருல்ல. டெஸ்ட் பண்ணு, மஞ்சள் இருந்தா போடுவோம். இல்லேன்னா கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

பையை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். "பாருப்பா. இது பெருசு, இது சிறுசு. நானும் அக்காவும்."

அப்பா சிரித்தார். குரல் வந்த சிரிப்பு. இரண்டு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. பையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "சிறுசு, சிறுசு, சிறுசு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்க அண்ணனுக்கு ஒரு மகன் இருக்கப்போய் ஏதோ பொழச்சுக் கெடக்காரு. இவ என்ன செய்வா பாவம், வேலைக்குப் போறவ. இவளுக்கு ஏது நேரம்?"

அந்த நேரத்தில் என் கையில் அப்பாவின் அழுக்குத் துணி இருந்தது. அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

தம்பிக்கும் கண் கலங்கியிருந்தது. வெள்ளை மனசோடுதான் கேட்டான். "எப்பவும் என்னையே கூப்பிடறாரேக்கா. உன்னை எப்பவாவது கூப்பிட்டாரா?"

"இல்ல" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து டியூபில் தண்ணீர் எடுத்தேன். ஒரு மருந்தில் எட்டுச் சொட்டு, இன்னொன்றில் எட்டுச் சொட்டு. மூடிக் குலுக்கினேன். ஐந்து நிமிடம் அத்தை தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். டியூபை ஜன்னலுக்கு நேரே தூக்கினேன்.

பச்சை. சந்தேகத்துக்கு இடமில்லாத இலைப் பச்சை. அட்டையில் அதற்கு நேரே "ஆபத்து" என்று எழுதியிருந்தது.

"என்ன கலர்க்கா?"

"மஞ்சள்" என்றேன்.

பச்சைப் பொய் என்பார்களே, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னேன். மீன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இவன் கொண்டுவந்தது ஒன்று, ஒரே ஒன்று, அப்பாவின் கண்முன்னே விளங்காமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது ரத்தம் சோதிக்கிறவளுக்குத் தெரியாதா? தெரியும்.

அத்தை மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. தம்பிக்குத் தெரியாது. திரும்பியபோதுதான் அப்பாவைப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பி, தினமும் பார்ப்பது போல, என் கையிலிருந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறுசு!" என்றார். கட்டில் கம்பியை இடது கையால் அடித்தார். "சிறுசு! சிறுசு!"

"சந்தோஷத்தைப் பாரேன்!" என்றாள் அத்தை.

அது சந்தோஷமில்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவருக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை. இன்னொருத்தி டியூபைக் கழுவப் போனாள்.

மீன்களை விட்டார்கள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு டிரம் நிறைய நல்ல உப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருந்தேன். எடுத்து ஊற்றியிருக்கலாம், மீன்களைப் பிடித்து அதில் விட்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று துணி மடித்தேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. நான் சமையலறையில் இருந்தேன். அறையிலிருந்து "சிறுசு" என்று கேட்டது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, கொதிக்கிற பாலை இறக்கிவிட்டு, தம்ளரைக் கழுவி, ஆற அமரத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது தண்ணீர் இல்லை. அலை மோட்டாரின் சல்லடையில் சின்ன மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தள்ளுகிற பக்கமெல்லாம் வால் ஆடியது. உயிர் இல்லை. இந்தத் தடவை அந்த வார்த்தையை அவர் சரியான அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார், நான் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

வலையால் அதை எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய மீன் கீழே மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்தது. வாசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வருகிற சத்தம் கேட்டது. ராத்திரி அத்தை வீட்டில் தங்கியவன், ரயிலுக்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான்.

"பெ..." என்றார் அப்பா.

நான் திரும்பினேன். அவர் முகம் முழுக்கக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கல்லைப் புரட்டுகிறவர் போல முக்கினார்.

"பெ... பெருசு."

வலை கையிலிருந்து விழுந்தது.

"அக்கா!" தம்பி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அக்கா, அப்பா உன்னைக் கூப்பிட்டாருக்கா! உன்னைக் கூப்பிட்டாரு!" அழுதான், சிரித்தான், என்னைப் பிடித்து உலுக்கினான். எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது என்று என்னைவிட அவனுக்குத்தான் அத்தனை சந்தோஷம். நான் அவன் தோளுக்கு மேலே அப்பாவைப் பார்த்தேன். அவருடைய இடது கை விரல் கண்ணாடியில், பெரிய மீன் கிடந்த இடத்தில் இருந்தது. கண் என்மேல் இருந்தது. மீனைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? என்னிடம் மீனைச் சொன்னாரா? காப்பாற்று என்றாரா, நீதானே என்றாரா? எதுவானாலும் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

தம்பியைத் தள்ளிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு டிரம்முக்கு ஓடினேன். பெரிய மீனை வலையில் பிடித்து நல்ல தண்ணீரில் விட்டேன். வீட்டுக்காரர் காற்றுக் குழாயைக் கொண்டுவந்து போட்டார். மத்தியானத்துக்குள் அது நிமிர்ந்துவிட்டது.

அதற்கு முன்பே தம்பிக்கு ரயில் நேரமாகிவிட்டது. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "தப்பு என் மேலதான்க்கா. ஆறு வாரம்னு அவ்வளவு சொன்னாரு. டெஸ்ட்ல மஞ்சள் வந்தாலும் அவசரப்பட்டிருக்கக் கூடாது. நீ என்ன பண்ணுவ, நீ பாத்ததச் சொன்ன." கன்னத்தைத் துடைத்தான். "ஆனா போகட்டும். அப்பா உன்னைக் கூப்பிட்டுட்டாருல்ல."

சொல்ல வாயைத் திறந்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஹாரனைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் டியூப் உண்மையாகவே மஞ்சள் ஆனது. வாளியிலும் டிரம்மிலுமாகத் தினம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றிய பெரிய மீனைத் தொட்டியில் விட்டேன். இப்போது அது கற்களுக்கு நடுவே வீட்டுக்காரி மாதிரி சுற்றிவருகிறது. கண்ணாடிப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பா தெளிவாக, திக்காமல் சொல்கிறார். "பெருசு." மீன் நின்று அவர் விரலைப் பார்க்கிறது. நான் தண்ணீர் கொண்டுபோனால் சிறுசு. புரட்டிப் போட்டால் சிறுசு. என்னைப் பார்த்து அவர் அந்த இன்னொரு வார்த்தையைச் சொன்னதே இல்லை. அத்தை போன் செய்து, "உன்னைத்தான் ஓயாமக் கூப்பிடறாராமே, குடுத்து வச்சவடி நீ" என்கிறாள். தம்பி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீடியோவில் வருவான். அன்றைக்கென்று டெஸ்ட்டை வைத்துக்கொள்வேன். போனைத் தொட்டிமேல் சாய்த்து வைத்து, டியூபைத் தூக்கிப் பிடிப்பேன்.

"என்ன கலர்க்கா?"

"மஞ்சள்."

டியூப் மஞ்சளான பிறகு வந்த முதல் ஞாயிறு நான் அப்படிச் சொன்னதும் அப்பாவின் இடது கை நீண்டது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தம்ளரை எடுத்தேன். தம்ளரைத் தள்ளிவிட்டார். என் கையிலிருந்த டியூபைப் பிடுங்கி, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அட்டையைக் காட்டச் சொல்லி மோவாயை ஆட்டினார். காட்டினேன். ஒத்துப் பார்த்துவிட்டு, போன் பக்கம் திரும்பிச் சொன்னார். "சிறுசு."

"அப்பாவே சொல்லிட்டாரு!" என்று தம்பி சிரித்தான். "அப்ப சரிதான்."

மூன்று மாதமாகிறது. ஒரு ஞாயிறுகூட அவர் பார்க்காமல் விட்டதில்லை. இப்போதெல்லாம் கையை நீட்டும்வரை நான் காத்திருப்பதில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் டியூபை இறுக்க மூடி, துடைத்து, அட்டையோடு சேர்த்து நானே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.